பாராட்டும் விழுமியமும்: ஒரு வீடு எதைப் பார்த்து மகிழ்கிறது?

#1 செங்காங் வாசகி

கொவிட் கிருமி பரவிய நேரத்தில், 2020 மார்ச் 30ஆம் தேதி இரவு எட்டு மணிக்குச் சிங்கப்பூரில் பலர் சன்னலோரத்திலும் தாழ்வாரத்திலும் நின்று கை தட்டினோம். தாதியருக்கும் துப்புரவாளர்களுக்கும் வாசல்வரை பொருள் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்கும் நன்றி சொல்வதற்காகத் தட்டினோம். அந்தக் கைதட்டலில் பொய் இருந்ததாக நான் நினைக்கவில்லை. பயம் வந்தபோதுதான் நம்மைத் தாங்குகிறவர்கள் யார் என்பது பலருக்குக் கண்ணில் பட்டது. பயம் தணிந்த பிறகும் அவர்கள் நம் கண்ணில் படுகிறார்களா என்று கேட்கத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

விழுமியங்களுக்கு இந்த நாட்டில் பஞ்சமில்லை. 1991இல் நாடாளுமன்றம் ஐந்து பொது விழுமியங்களை ஏற்றுக்கொண்டது. குடும்பம் சமூகத்தின் அடிப்படை, மோதலைவிட இணக்கம், இன சமய நல்லிணக்கம் எல்லாம் அதில் உண்டு. பள்ளியில் மரியாதை, பொறுப்பு, மீள்திறன், நேர்மை, அக்கறை, நல்லிணக்கம் என்று ஆறு சொல்லிக் கொடுக்கிறார்கள். தொடக்கநிலை மூன்றில் படிக்கும் என் மகள் அவற்றை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள்.

ஒரு வீட்டின் விழுமியம் அந்த வீடு எதைப் பார்த்து மகிழ்கிறதோ அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். "இன்று புதிதாகச் சேர்ந்த பெண்ணுடன் உட்கார்ந்து சாப்பிட்டேன் அம்மா, அவளுக்கு யாரையும் தெரியாது" என்று ஒரு பிள்ளை சொல்கிறது. "நல்லது. சொல்வதெழுதுதலில் எத்தனை?" என்று நாம் கேட்கிறோம். இந்த வீட்டில் எதற்கு விலை அதிகம் என்பது அந்தப் பிள்ளைக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிடுகிறது. அதன் பிறகு அக்கறையைப் பற்றி எத்தனை பாடம் நடத்தினாலும் அதன் மனத்தில் நிற்காது.

உங்கள் வாழ்க்கையில் எந்தப் பாராட்டு உண்மையாகப் பட்டது, எது வெறும் சடங்காகப் பட்டது? நீங்கள் யாரை, எதற்காகப் பாராட்டுகிறீர்கள்? மனம் விட்டு எழுதுங்கள்.

#2 இரவுப்பணி

நல்ல கேள்வி அக்கா. நான் தாதி. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1ஆம் தேதி இங்கே தாதியர் தினம். கேக் வரும், வாழ்த்து அட்டை வரும், மேலதிகாரிகள் வார்டுக்கு வந்து கை குலுக்குவார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். நினைவு வைத்திருந்து வருகிறார்களே என்ற மகிழ்ச்சி எனக்கு உண்டு. ஆனால் மனத்தில் தங்கியது வேறொன்று.

பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருந்த ஒரு மூதாட்டியைப் பல வாரம் பார்த்துக்கொண்டோம். அப்படிப்பட்டவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பின் பின்பக்கத்திலும் குதிகாலிலும் தோல் சிவந்து, பிறகு புண்ணாகிவிடும். குதிகால் மெத்தையில் படாமல் இருக்கக் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைப்போம். நள்ளிரவிலும் விடியற்காலையிலும் இதே வேலைதான். வேலை ஒழுங்காக நடந்தால் பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது, புண் வராது, அவ்வளவுதான். அதனால் யாரும் இதைப் பேசுவதும் இல்லை.

அந்த அம்மாவை வீட்டுக்கு அழைத்துப் போகும் நாளில் அவருடைய மகன் என்னிடம் வந்தார். "அம்மாவின் குதிகாலைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன் சிஸ்டர். ஒரு சிவப்புக்கூட இல்லை. அந்தத் தலையணையை எப்படி வைப்பது என்று எனக்கும் காட்டிக் கொடுங்கள், வீட்டிலும் அப்படியே செய்கிறேன்" என்றார். நன்றி என்ற சொல்லை அவர் சொன்னாரா என்பதுகூட எனக்கு நினைவில்லை. என் வேலை என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதைவிடப் பெரிய பாராட்டை இந்தத் தொழிலில் நான் வாங்கியதில்லை.

#3 துவாஸ் மேஸ்திரி

சிஸ்டர் எழுதியதைப் படித்தபோது மனம் நிறைந்தது. ஆனால் பாராட்டு மட்டும் போதும் என்ற இடத்தில் இந்தப் பேச்சு போய் நின்றுவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் வொர்க் பர்மிட்டில் வந்தவன். இன்று ஒரு குழுவுக்கு மேற்பார்வையாளர்.

2025 ஜூலை 26ஆம் தேதி தஞ்சோங் காத்தோங் சாலையில் திடீரென்று பள்ளம் விழுந்து, ஒரு கார் அதற்குள் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். பக்கத்து வேலையிடத்தில் இருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஏழு பேர் கயிறு வீசி, காரில் இருந்த பெண்மணியைச் சில நிமிடங்களில் மேலே கொண்டுவந்துவிட்டார்கள். பிறகு மனிதவள அமைச்சு அவர்களுக்கு நினைவு நாணயம் கொடுத்தது. நாணயம் மட்டும்தானா என்று பலர் கேட்டார்கள். பொதுமக்கள் 70,000 சிங்கப்பூர் வெள்ளிக்கும் மேல் பணம் திரட்டினார்கள். அதிபர் அவர்களைத் தம் மாளிகையான இஸ்தானாவுக்கு அழைத்தார். நம் ஊர்க்காரர்களும் அதில் இருந்தார்கள் என்று எங்கள் தங்குவிடுதியில் அன்றைக்கு எல்லோரும் நிமிர்ந்து நடந்தோம். அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனாலும் கேட்கிறேன். கயிறு வீசிய கைக்கு அத்தனை மரியாதை. அதே கைகள் காலையில் லாரியின் பின்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போகின்றன. அதைப் பற்றி ஆண்டுக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கிறோம், இன்னும் பேசுகிறோம். ஓர் உயிரைக் காப்பாற்றினால்தான் எங்கள் உயிருக்கு மதிப்பு வருமா?

சம்பளமும் ஒரு பாராட்டுத்தான். துப்புரவுத் துறையில் 2014இல் படிப்படியான சம்பள முறையைக் கட்டாயமாக்கியபோது அடிப்படைச் சம்பளம் 1,000 வெள்ளி. 2023 ஜூலையில் அது 1,570 வெள்ளி ஆனது. யாரும் மேடை போட்டுப் பொன்னாடை போர்த்தவில்லை, மாதக் கடைசியில் கையில் வந்தது. ஆனால் அந்த முறை குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது, எங்களைப் போன்றவர்களுக்கு இல்லை. விழுமியத்தைப் பற்றிப் பேசும்போது பணத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பேசாதீர்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

#4 பிடோக் வாத்தியார்

மேஸ்திரி தம்பி, அந்த ஏழு பேர் போன இஸ்தானாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அது 1867 முதல் 1869 வரை கட்டப்பட்டது. கட்டியவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியதும் அவர்கள் உழைப்புதான். சாலை போட்டார்கள், செங்கல் அறுத்தார்கள், சுண்ணம் பூசினார்கள். அந்தக் கட்டடங்களைப் பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? இஸ்தானாவைக் கட்டியவர்கள் விலங்கு பூட்டப்பட்டு வந்தவர்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தபின் அதே வாசலில் தொழிலாளர்கள் விருந்தாளிகளாக நுழைந்தார்கள். செய்தியைப் படித்தபோது எனக்கு இதுதான் தோன்றியது. நாம் நெடுந்தூரம் வந்திருக்கிறோம். நீங்கள் கேட்பது மீதித் தூரத்தைப் பற்றி. கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இனி வாசகியின் கேள்விக்கு வருகிறேன். நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பாராட்டினால் போதும், பிள்ளை வளர்ந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். 1998இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிள்ளைகளிடம் புதிர் கொடுத்துவிட்டு, ஒரு பகுதியினரிடம் "நீ கெட்டிக்காரன்" என்றும், இன்னொரு பகுதியினரிடம் "நன்றாக முயன்றிருக்கிறாய்" என்றும் சொன்னார்கள். பிறகு கடினமான புதிர் வந்து தோற்றபோது, கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியவர்கள்தான் சீக்கிரம் சோர்ந்தார்கள். அவர்களில் தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் மற்றவர்களைவிட அதிகம். அதைப் படித்தபோது எனக்கு வியப்பே வரவில்லை. கெட்டிக்காரப் பட்டத்தைக் காப்பாற்றுவதற்காகவே கையை உயர்த்திக் கேள்வி கேட்காத மாணவர்களை வகுப்பில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் தமிழ் பேசாத ஒரு மாணவி கட்டுரை எழுதினாள். எழுத்துப் பிழை வரிக்கு வரி. ஆனால் நடுவில் ஒரு வாக்கியம், பாட்டி வெற்றிலையின் முதுகைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பை மோதிர விரலால் தடவினாள் என்று. "பாட்டியின் கையை நீ உட்கார்ந்து கவனித்திருக்கிறாய்" என்று ஓரத்தில் எழுதினேன். பிழைகளையும் திருத்தினேன், ஒன்றையும் விடவில்லை. அவள் அடுத்த கட்டுரையில் தாத்தாவின் மூக்குக்கண்ணாடியை எழுதிக்கொண்டு வந்தாள். அவள் இனி எந்தத் திசையில் பார்க்கலாம் என்பதற்கு அந்த ஒரு வரி வழிகாட்டிவிட்டது. "சபாஷ், அருமை" என்று எழுதியிருந்தால் அது நடந்திருக்காது என்பது என் துணிபு.

#5 தோ பாயோ இளையவன்

ஐயா, நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் எங்கள் வீட்டில் பாராட்டு என்பதே கிடையாது. அப்பா நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பரிசு வாங்கியதை அத்தையிடம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்ததை அடுத்த அறையிலிருந்து கேட்டேன். என் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை வரவில்லை. பாட்டியைக் கேட்டால், "பெற்றவர் கண்ணே பட்டுவிடும், பிள்ளையை நேரில் புகழக்கூடாது" என்கிறார். நாவூறு என்று சொல்லி உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறார். பாசம் இருப்பது தெரிகிறது. ஆனால் நான் செய்வது சரியா இல்லையா என்று தெரியாமலே வளர்ந்திருக்கிறேன். தேசிய சேவையில் என் சார்ஜென்ட் ஒருமுறை, "நீ கடைசி ஆள் வரும்வரை நின்றாய், பார்த்தேன்" என்று சொன்னார். என்னை ஒருவர் பார்த்துச் சொன்னது எனக்கு அதுதான் முதல் முறை.

#6 அங் மோ கியோ அம்மா

தம்பி, உன் அப்பாவுக்காக நான் பேசுகிறேன். எங்கள் தலைமுறையில் வாயால் சொல்லிப் பழக்கமில்லை. மீன் குழம்பில் நடுத்துண்டு யார் தட்டுக்குப் போகிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்வோம். மழை நாளில் பஸ் நிறுத்தத்தில் குடையோடு யார் நிற்கிறார்கள் என்று பார்ப்போம். என் கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்தார். நான் புதுச் சேலை கட்டினால் நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் என் காலில் வெடிப்பு வந்தால் தைலம் வாங்கி வந்து அலமாரியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

ஆனாலும் நீ கேட்பது நியாயம். உன் அப்பாவிடம் நீயே கேட்டுப் பார். "நான் வாங்கிய பரிசு உங்களுக்கு மகிழ்ச்சியா அப்பா?" என்று நேராகக் கேள். பெரியவர்களுக்கும் யாராவது வாசலைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது.

#7 மல்லிகைப் பந்தல்

நான் கொஞ்சம் சங்கடமான பக்கத்தைத் தொடுகிறேன். நம் வீடுகளில் வேலை செய்யும் பணிப்பெண்கள்.

"அவள் எங்கள் குடும்பத்தில் ஒருத்தி" என்று பெருமையாகச் சொல்கிற குடும்பங்கள் எனக்குத் தெரியும். சொல்வது உண்மையான அன்போடுதான். தீபாவளிக்குப் புதுத் துணி, பிறந்தநாளுக்குக் கேக், எல்லாம் உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்ததும், "இன்று விருந்தாளி வருகிறார்கள், நீ அடுத்த வாரம் போயேன்" என்று அதே வாயால் சொல்கிறோம். குடும்பத்தில் ஒருத்தி என்பதால் அவளும் மறுப்பதில்லை. அந்தப் பாராட்டு அவளுடைய ஓய்வு நாளைப் பறித்துக்கொள்ளும் வழியாகிவிடுகிறது.

வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2013 ஜனவரியில் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாகப் பணம் கொடுத்தால் போதும் என்று பலர் சமாளித்தார்கள். 2023 ஜனவரி முதல் மாதம் ஒரு நாளையாவது பணத்துக்கு ஈடாக்கக் கூடாது என்று ஆனது. பிள்ளையைத் தூக்கி வளர்க்கிறவளுக்கு மாதத்தில் ஒரு நாளைக் கொடுக்கச் சட்டம் வந்து சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு இது வலிக்கிறது.

எங்கள் வீட்டில் இருக்கும் அக்கா ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். என் மகன் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவான். சனிக்கிழமை இரவே அவன் தன் பள்ளிச் சட்டையைத் தானே தேய்த்து வைக்கிறான், திங்கட்கிழமைக்காக. யாரும் சொல்லாமல் தொடங்கியது அது. அவனுடைய மதிப்பெண் அட்டையைவிட அந்தச் சட்டையைப் பார்த்துத்தான் எனக்குப் பெருமை. அதை அவனிடம் சொல்லியும் இருக்கிறேன்.

#8 பெயர் வேண்டாம்

எல்லோரும் பெற்றோரைப் பற்றி அன்பாக எழுதுகிறீர்கள். என் தந்தை குடித்துவிட்டு அம்மாவை அடித்தவர். நான் உயர்நிலைப் பள்ளியில் இருந்தபோது எங்களை விட்டுப் போனார். இப்போது வயதாகிவிட்டது, பராமரிப்புக் கேட்கிறார். பெற்ற கடனைத் தீர்க்க வேண்டும் என்று உறவினர்கள் எனக்கு விழுமியம் போதிக்கிறார்கள். நன்றி என்பதைக் கடன்பத்திரம் போல நீட்டினால் என்ன செய்வது? இதைப் பற்றி யாராவது எழுதுவீர்களா?

#9 பிடோக் வாத்தியார்

மகளே, முதலில் சட்டத்தின் நிலையைச் சொல்கிறேன், அது உங்களுக்கு உதவும். பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 1995இல் நிறைவேறியது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத, 60 வயதோ அதற்கு மேலோ ஆன பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டு நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 2023இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். பிள்ளையைக் கொடுமைப்படுத்திய, புறக்கணித்த, கைவிட்ட பெற்றோர் இனி விண்ணப்பம் செய்வதற்கே நடுவர் மன்றத்தின் அனுமதி பெற வேண்டும். அதாவது, பெற்றதால் மட்டும் உரிமை வந்துவிடாது என்று இந்த நாட்டின் சட்டமே ஒத்துக்கொண்டிருக்கிறது. உறவினர்கள் மறுபடி பேசினால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

என் கருத்தையும் சொல்கிறேன். நன்றி, பெற்றதை உணர்ந்து தானாக எழுவது. பெறாததற்கு நன்றி கேட்பவர் உங்களிடம் கேட்பது கீழ்ப்படிதலை. அதைக் கொடுக்கவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

#10 அங் மோ கியோ அம்மா

வாத்தியார் சொன்னதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அந்த வீட்டில் உன்னைத் தாங்கியவர் யாரோ ஒருவர் இருந்திருப்பார். அம்மாவாக இருக்கலாம், பக்கத்து வீட்டு மலாய்க்கார மாமியாக இருக்கலாம். உன் நன்றி முழுவதும் அவர்களுக்குப் போகட்டும் கண்ணே.

#11 பெயர் வேண்டாம்

அம்மா, பக்கத்து வீட்டு மாமிதான். எப்படிச் சரியாகச் சொன்னீர்கள் என்று தெரியவில்லை. சத்தம் கேட்டால் கதவைத் தட்டி, சர்க்கரை இருக்கிறதா என்று கேட்பார். அவர் வீட்டில் சர்க்கரை இருந்தது என்று எனக்கு அப்போதே தெரியும். என்னை அழைத்துப் போய் அவர் வீட்டில் பாடம் படிக்க வைப்பார். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் நான் அவர் வீட்டில்தான் இருக்கிறேன். வாத்தியார் ஐயாவுக்கும் நன்றி.

#12 செங்காங் வாசகி

இவ்வளவு தூரம் போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மேஸ்திரி அண்ணனிடம் ஒரு கேள்வி. சம்பளத்தை ஓரமாக வைக்காதீர்கள் என்றீர்கள், முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் சிஸ்டரின் அனுபவத்தில் அந்த மகன் ஒரு காசும் கொடுக்கவில்லையே. சம்பளம் வந்தபிறகும் மனிதனுக்குத் தேவைப்படுவது ஒன்று இருக்கிறது. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தினால், பணம் கொடுக்காதவர்கள் பாராட்டோடு நிறுத்திக்கொள்வார்கள், பணம் கொடுத்தவர்கள் முகத்தைப் பார்க்காமலே போய்விடுவார்கள். ஒன்றை வைத்து மற்றொன்றை ஈடுகட்ட முடியாது என்றே எனக்குப் படுகிறது.

#13 துவாஸ் மேஸ்திரி

ஒத்துக்கொள்கிறேன் தங்கச்சி. என் குழுவில் ஒரு பையன், கம்பி கட்டுகிறவன். கான்கிரீட் ஊற்றிவிட்டால் அவன் வேலையை இனி யாரும் பார்க்கப்போவதில்லை. ஊற்றுவதற்கு முன் நான் ஒருமுறை நடந்து, முடிச்சுகளைக் கையால் இழுத்துப் பார்த்துவிட்டு, "சரியாக இருக்கிறது" என்று அவன் பெயரைச் சொல்லிச் சொல்வேன். அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அவனுக்கு ஓவர்டைம் பணமும் சரியாகச் சேர்கிறதா என்று பார்ப்பதும் என் வேலைதான்.

சிஸ்டர், ஒரு விவரம் வேண்டும். யாராவது பாராட்டி எழுதினால் அதனால் உங்களுக்கு வேலையில் ஏதாவது பயன் உண்டா? அல்லது அது சுவரில் ஒட்டுவதற்குத்தானா?

#14 இரவுப்பணி

பயன் உண்டு அண்ணா, எழுதுகிற விதத்தைப் பொறுத்து. "எல்லோரும் நன்றாகக் கவனித்தார்கள்" என்று வந்தால் மகிழ்ச்சியோடு சுவரில் ஒட்டுவோம். பெயர், வார்டு, தேதி, அந்த ஆள் என்ன செய்தார் என்பது இருந்தால், நான் வேலை பார்த்த இடங்களில் அதை அவருடைய கோப்பில் சேர்ப்பார்கள். ஆண்டு மதிப்பீட்டில் மேலாளர் அதை எடுத்துப் படிப்பார். பெயர் அட்டையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், சீருடையில் இருக்கும். வார்டைத் துடைக்கும் ஆன்ட்டியையும் சாப்பாட்டுத் தட்டுக் கொண்டுவருபவரையும் மறக்காதீர்கள். அவர்களைப் பற்றி எழுதுவோர் மிகவும் குறைவு. பலர் வெளி ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள் என்பதால், மருத்துவமனைக்கு மட்டும் எழுதினால் அவர்கள் முதலாளிக்குப் போய்ச் சேராமல் போகலாம். அங்கேயும் ஒரு நகல் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

#15 துவாஸ் மேஸ்திரி

இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்துக்கும் அப்படியே பொருந்தும். உங்கள் புளோக்கில் சாயம் பூசுகிறவர்கள், மின்தூக்கி மாற்றுகிறவர்கள், கூரையில் தண்ணீர்த் தொட்டி பழுது பார்க்கிறவர்கள் நன்றாக வேலை செய்தால், ஒப்பந்ததாரர் பெயர் தடுப்புப் பலகையிலேயே இருக்கும். நகர மன்றத்துக்கும் ஒப்பந்ததாரருக்கும் சேர்த்து எழுதுங்கள். எந்த மாடி, எந்தத் தேதி, என்ன வேலை என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் போய்க் கேளுங்கள், தமிழில் கேட்டாலே பலர் சொல்வார்கள். வொர்க் பர்மிட் புதுப்பிக்கும் நேரத்தில் அப்படி ஒரு கடிதம் முதலாளியின் மேசையில் இருந்தால், அந்தப் பையனுக்காகப் பேசுவதற்கு என்னைப் போன்றவர்கள் கையில் ஒரு பிடி கிடைக்கும்.